பழைய கவச வண்டி ஒன்று கைக்கு வந்தால்: புதிதாக்குவதா, ஒரு காலத்துக்குக் கொண்டுபோவதா, வந்தபடியே காப்பதா?

இங்கிலாந்தில் பழைய ராணுவ வண்டிகளைச் சொந்தமாக வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கண்ணில் படும் கவச வண்டி ஃபெரட். கொவென்ட்ரி நகரத்து டைம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகள் கட்டியது. இரண்டு பேர் போகும் வேவு வண்டி. நான்கு சக்கரம், நாலு டன்னை ஒட்டிய எடை, ரோல்ஸ் ராய்ஸ் பி60 பெட்ரோல் எஞ்சின், 6 முதல் 16 மில்லிமீட்டர் வரை கனமுள்ள கவசத் தகடு. மலாயா, ஏடன், சைப்ரஸ், வட அயர்லாந்து, மேற்கு ஜெர்மனி என்று பிரிட்டிஷ் படை போன இடமெல்லாம் இதுவும் போனது. இந்திய ராணுவமும் இலங்கை ராணுவமும்கூட ஓட்டியிருக்கின்றன. படைக்குத் தேவை முடிந்ததும் பலவற்றை விற்றுவிட்டார்கள். அப்படித்தான் இவை தனியார் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தன.

வந்து சேர்ந்த வண்டியை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பெயின்ட் மொத்தத்தையும் உரித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவது. இரண்டாவது, அந்த வண்டியின் பணிக்காலத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இன்ன ரெஜிமெண்ட், இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று அந்தக் கோலத்துக்குக் கொண்டுபோவது. மூன்றாவது, வந்த நிலையிலேயே துருவை நிறுத்தி, பெயின்ட்டைத் தொடாமல் காப்பது. இவை மூன்றுக்கும் குறுக்கே இன்னொரு கேள்வி ஓடுகிறது: வண்டி ஓட வேண்டுமா, நின்றால் போதுமா?

பெரும்பாலானவர்கள் இந்த முடிவை உட்கார்ந்து யோசித்து எடுப்பதில்லை. வண்டி லாரியில் வந்து இறங்கிய உற்சாகத்தில் மணலை வேகமாகப் பீய்ச்சிப் பெயின்ட்டை உரிக்கும் ஸாண்ட் பிளாஸ்டிங் செய்பவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு போன் அழைப்பிலேயே மூன்றாவது வழி அடைபட்டுவிடும், இரண்டாவது பாதி அடைபடும். அந்த வண்டி எங்கெல்லாம் இருந்தது என்பதற்கான சாட்சியில் பெரும்பகுதி பெயின்ட் அடுக்குகளில்தான் இருக்கிறது, அதைத்தான் மணல் முதலில் கொண்டுபோகிறது. ஆகவே வரலாற்றைத் தேடுவது முதல் வேலை, வழியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

பெரிய அருங்காட்சியகங்கள் இதே கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கின்றன என்று பார்த்தால் மூன்று வழிகளின் விலையும் தெளிவாகும்.

டைகர் 131: ஓட வைத்தார்கள்

இங்கிலாந்தின் போவிங்டன் டாங்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131 இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்க், துனிசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டது. எண்ணே அதன் விலாசம்: முதல் கம்பெனி, மூன்றாம் பிளட்டூன், முதல் டாங்க். பீரங்கிக் குழாயின் அடியில் பட்டுத் தெறித்த ஒரு குண்டு, பீரங்கியைச் சுமக்கும் சுழல்மேடை உட்காரும் வளையத்தில் போய்ச் சிக்கியது. மேடை திரும்ப மறுத்தது, ஆட்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். டாங்க் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. பிரிட்டனுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1951ல் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

1990ல் அதை ஓட வைக்கும் வேலை தொடங்கியது. ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பட்டறையும் அருங்காட்சியகமும் சேர்ந்து ஏறக்குறைய முழு டாங்கையும் கழற்றின. 2003 டிசம்பரில் ஓடும் நிலையில் திரும்பியது. பெயின்ட் உட்பட எல்லாம் முடிய 2012 ஆனது. அரசாங்கப் பட்டறையே கூட நின்றும் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வாரக் கடைசியில் மட்டும் ஸ்பானர் எடுப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதன் சொந்த எஞ்சினான மேபேக் எச்எல்210ஐ முன்பே பாடம் நடத்துவதற்காக வெட்டிக் காட்சிப் பொருளாக்கிவிட்டிருந்தார்கள். அதனால் அருங்காட்சியகத்தில் இருந்த டைகர் 2 டாங்கின் எச்எல்230 எஞ்சினை எடுத்துப் பொருத்தினார்கள். ஓடும்போது அந்த எஞ்சினின் உலோகம் எப்படித் தேய்கிறது என்று உலோகவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அதாவது ஓட்டத்துக்காக இழக்கப்போவது வண்டியின் சொந்த எஞ்சின் இல்லை, தேய்மானமும் ஆய்வாக மாறியது. இந்த இரண்டு காரணங்களால்தான் போவிங்டனின் முடிவு சரியானது என்று நினைக்கிறேன். சொந்த எஞ்சின் முழுசாக உள்ளே இருந்திருந்தால், உலகில் ஓடும் டைகர் 1 அது ஒன்றுதான் என்ற பெருமைக்காகக்கூட நான் அதை ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டேன்.

டெபோரா: தொடவே இல்லை

பிரான்சில் காம்பிரே பக்கத்து ஃப்ளெஸ்கியர் கிராமத்தில் 1917 நவம்பர் 20 அன்று அடிபட்டு நின்றது டி51 என்ற பிரிட்டிஷ் மார்க் 4 டாங்க். அதன் ஆட்கள் வைத்த பெயர் டெபோரா. உள்ளே ஐந்து பேர் இறந்தார்கள். அப்புறம் அந்த டாங்கைக் குழிக்குள் இறக்கிப் பதுங்கிடமாகப் பயன்படுத்தினார்கள், மண் மூடியது, ஊர் அதை மறந்தது. சிறு வயதில் டாங்கைக் குழிக்குள் தள்ளியதைப் பார்த்த ஒரு மூதாட்டியின் ஞாபகமும், வானிலிருந்து எடுத்த படங்களும் சேர்ந்து இடத்தைக் காட்டின. 1998 நவம்பரில் தோண்டி எடுத்தார்கள்.

எடுத்ததை யாரும் நிமிர்த்தவில்லை, தட்டவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. குண்டு கிழித்த தகடு கிழிந்தபடியே இருக்கிறது. 2017 நவம்பரில், போர் நடந்து நூறு வருஷம் ஆனபோது, அந்த டாங்குக்காகவே ஒரு சின்ன அருங்காட்சியகம் திறந்தார்கள். பக்கத்திலேயே ராணுவக் கல்லறை, அங்கே அதன் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தக் கிழிசலைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடியிருந்தால், ஐந்து பேர் எப்படி இறந்தார்கள் என்பதற்கான ஒரே நேரடி சாட்சியை அழித்ததாகியிருக்கும். இங்கே மூன்றாவது வழியைத் தவிர வேறு எதுவும் தகாது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் மெஃபிஸ்டோவும் இதே வகைதான். முதல் உலகப் போரின் ஜெர்மன் ஏ7வி டாங்குகளில் மிச்சம் இருப்பது உலகத்திலேயே இது ஒன்று. 1918ல் வில்லர்ஸ் பிரெட்டனோவில் சிக்கி நின்றதை ஆஸ்திரேலியப் படையினர் இழுத்துவந்தார்கள், 1919ல் கப்பலேறி பிரிஸ்பேன் வந்தது. பல பத்தாண்டுகள் திறந்த வெளியில் நின்றது. 2011 ஜனவரி வெள்ளத்தில் நீர் புகுந்தபோது, உப்பையும் ஈரத்தையும் எடுத்து உலோகத்தை நிலைப்படுத்தும் வேலையைத்தான் செய்தார்கள். புதுசாக்கப் பார்க்கவில்லை.

சரி, டெபோராவும் மெஃபிஸ்டோவும் ஒற்றைப் பொருள்கள். ஃபெரட்டோ நாலாயிரத்துக்கு மேல் கட்டியது, எத்தனையோ மிச்சமிருக்கின்றன. அப்படியிருக்க ஒரு ஃபெரட்டைக் கலைப்பொருள்போல் கும்பிட்டு வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஃபெரட் என்ற வகை அபூர்வமில்லைதான், ஆனால் இந்த எண் கொண்ட ஃபெரட் ஒன்றே ஒன்று. அது எங்கே போனது, யார் ஓட்டினார்கள் என்பது அதன் உடம்பில் மட்டுமே எழுதியிருக்கலாம். அது எழுதியிருக்கிறதா இல்லையா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உடம்பில் எழுதியிருப்பதைப் படிப்பது

கொட்டகையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுகள் நிழல் விழுந்து தெரியும். பழைய எண்ணுக்கு மேல் பச்சை அடித்திருப்பார்கள். அந்த எண்ணின் ஓரத்தில் பெயின்ட் தடித்து நிற்கும், அந்தத் தடிப்பு அடுத்த அடுக்கிலும் வரும். பிரிட்டிஷ் ராணுவ எண் 1949க்குப் பிறகு இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்ற வடிவில் இருக்கும். அதில் நாலு கிடைத்தாலே மீதியைத் தேட முடியும். முன்பக்கத்தில் பாலங்களுக்கான எடைப் பிரிவைக் காட்டும் மஞ்சள் வட்டம், ரெஜிமெண்ட், ஸ்குவாட்ரன் அடையாளங்கள் இவையும் இதே மாதிரி எட்டிப் பார்க்கும்.

அடுத்தது ஜன்னல் திறப்பது. மறைவான ஓர் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, வாட்டர் பேப்பரை நனைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். 400 எண் பேப்பரில் தொடங்கி, அடுக்கு மாறும்போது 800க்கும் 1200க்கும் போக வேண்டும். நடுவில் உலோகம், சுற்றி வளையம் வளையமாக நிறங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பளபளப்பான கரும்பச்சை இருந்தால் அது ஐம்பதுகளின் டீப் பிரான்ஸ் கிரீன் (கரு வெண்கலப் பச்சை), பிரிட்டிஷ் நிற அட்டையில் 224. அதற்கு மேல் மணல் நிறமான லைட் ஸ்டோன், 361, வந்தால் வண்டி வெயில் தேசத்துக்குப் போயிருக்கிறது. வெள்ளை வந்தால் முதலில் சைப்ரஸை நினைக்கலாம், 1964 முதல் அங்கே ஐ.நா. அமைதிப்படை இருக்கிறது. மேலே மங்கலான பச்சையும் கறுப்பும் பட்டை பட்டையாக இருந்தால் அது பிந்தைய காலம். ஒரே இடத்தில் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. கதவு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம், சுழல்மேடையும் மாறியிருக்கலாம். உடல், மேடை, பெட்டிகள் மூன்றிலும் தனித்தனி ஜன்னல் திறந்து, நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால்தான் நனைத்துத் தேய்க்கச் சொல்வது. தூசி கிளப்பாதீர்கள்.

தகடுகளும் பேசும். ஆலைத் தகட்டில் ஒப்பந்த எண்ணும் ஆண்டும் இருக்கும். ராணுவத் தலைமைப் பட்டறையில் முழுப் பழுதுபார்ப்பு நடந்திருந்தால் அதற்கென்று தனித் தகடு ஒன்றும் அடித்திருப்பார்கள். உள்ளே ரேடியோ வைத்த இடத்தைப் பாருங்கள். ஐம்பதுகளின் லார்க்ஸ்பர் செட்டுக்கு ஒரு மாதிரி துளைகள், எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த கிளான்ஸ்மேனுக்கு வேறு மாதிரி. இரண்டும் இருந்தால் வண்டி அதுவரை வேலையில் இருந்திருக்கிறது. வெட்டியெடுத்த பிராக்கெட்டின் வெல்டிங் தழும்பு, அடைத்துவிட்ட ஓட்டை எல்லாமே குறித்துவைக்க வேண்டியவை. புதிதாக்குகிறவர்கள் முதலில் தேய்த்து வழுவழுப்பாக்குவது இவற்றைத்தான் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எண் கிடைத்த பிறகு காகிதம். பிரிட்டிஷ் கவச வண்டிகளின் பதிவு அட்டைகள் போவிங்டன் ஆவணகத்தில் இருக்கின்றன. லாரி, ஜீப் போன்ற கவசமில்லாத வண்டிகளுக்கு வொர்த்தி டவுனில் இருக்கும் ராயல் லாஜிஸ்டிக் கோர் அருங்காட்சியகத்தைக் கேட்க வேண்டும். எல்லா அட்டையும் மிஞ்சவில்லை. மிஞ்சிய அட்டையில் எப்போது எந்தக் கிடங்குக்கு வந்தது, எந்தப் பிரிவுக்குப் போனது, எப்போது கழித்துக்கட்டினார்கள் என்பது ஒரு வரி இரண்டு வரியாக இருக்கும். பிரிவின் பெயர் தெரிந்ததும் லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணகத்தில் அந்தப் பிரிவின் ஆவணங்கள், ரெஜிமெண்ட் இதழ்கள், ஓய்வு பெற்ற வீரர்களின் ஆல்பங்கள் என்று வழி விரியும்.

வீரர்கள் சொல்வதை மதித்துக் கேளுங்கள், கேட்டதைப் படத்தோடு சரிபாருங்கள். இதற்கும் டைகர் 131ஐத்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல் 21 அன்று ஜெபல் ஜாஃபாவில் 48வது ராயல் டாங்க் ரெஜிமெண்டோடு நடந்த மோதலில் பிடிபட்டது என்றுதான் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படைப்பிரிவு வீரர் ஒருவரின் மகன் தன் அப்பா சொன்ன கதையோடு வந்தார். பழைய படங்களையும் துனிசியாவின் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது ஏப்ரல் 24 அன்று குரியத் எல் அதாஷ் பக்கம் பாயிண்ட் 174 என்ற மேட்டில் பிடிபட்டது என்று தெரிந்தது. டாங்க் மறுபடி ஓடத் தொடங்கிப் பல வருஷம் கழித்து இது நடந்தது. உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட டாங்க் ஒன்றின் கதையே இவ்வளவு தாமதமாகத் திருந்துகிறது என்றால், நம் கொட்டகை ஃபெரட்டின் கதையை ஒரே மாதத்தில் முடித்துவிட நினைப்பது சரியில்லை.

செலவு, உழைப்பு, திரும்பிவர முடியுமா

முதல் வழியில் செலவு அதிகம், ஆனால் முன்கூட்டியே கணக்குப் போட முடியும். பிளாஸ்டிங்கில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. கவசத் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய தகட்டில் செய்த சாமான் பெட்டிகளும் மட்கார்டுகளும் மணல் அடிக்கும் வேகத்தில் நெளிந்துவிடும். அவற்றை ரசாயனத்தில் ஊறவைத்து உரிப்பதே நல்லது. முடிவில் வண்டி பார்க்க அழகாக இருக்கும், துரு நெடுநாள் வராது. ஆனால் திரும்பிவர முடியாது. ஏற்கெனவே யாரோ உரித்துப் பட்டி போட்டு அடித்த வண்டி என்றால் இந்த வழியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, தாராளமாகச் செய்யலாம்.

இரண்டாவது வழிக்குப் பணத்தைவிடப் பொறுமை வேண்டும். பார்ப்பவர்களுக்கு அதிகம் சொல்வது இதுதான்: 1965ல் ஏடனில் நின்ற வண்டி என்றால் அந்த வருஷத்து நிறம், அந்த வருஷத்து ரேடியோ, அந்த வருஷத்து ஜெரிகேன். ஆபத்தும் இதில்தான் அதிகம். ஆதாரம் இல்லாத இடத்தை ஆசை நிரப்பிவிடும். புகழ்பெற்ற ரெஜிமெண்டின் அடையாளத்தைத் தன் வண்டியில் அடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ரெஜிமெண்டில் அந்த வண்டி ஒருநாளும் இருந்ததில்லை என்றால் அது பொய். அந்தப் பொய்யை நம்பி இன்னொருவர் எழுதுவார், அடுத்து வாங்குபவர் அதற்கு விலை கொடுப்பார். அட்டையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை என்றால் அடையாளமே இல்லாமல் ஆலை நிறத்தில் நிறுத்துவது நேர்மை.

மூன்றாவது வழி மலிவு என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் மலிவுதான். பிறகு ஆண்டு முழுக்க ஈரம் குறைந்த கூரை வேண்டும், துருவைக் கண்காணிக்க வேண்டும், மெழுகோ எண்ணெயோ பூசிக்கொண்டே இருக்க வேண்டும். திறந்த வெளியில் தார்ப்பாய் போட்டு வைக்கிற நிலைமை என்றால் இந்த வழியை எடுக்காதீர்கள், சாட்சி கண்ணெதிரே உதிர்ந்துபோகும்.

ஓட்டம் பற்றி. ஃபெரட் ஓட்டுவது ஆனந்தம், ஆனால் அதன் சுபாவம் தெரிந்திருக்க வேண்டும். கியரை முன்கூட்டியே லீவரில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு இடது பெடலை மிதிக்க வேண்டும். முழுசாக, அடிவரை. அரைகுறையாக மிதித்தால் பெடல் முழு விசையோடு திரும்பி எழும்பிக் காலைப் பதம் பார்க்கும். ஐந்து கியரும் பின்னோக்கியும் வேலை செய்யும். ஒரு பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் இறுகப் பிணைந்திருப்பதால், தார்ச்சாலையில் வளைந்து வளைந்து போகும்போது தண்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். மண்தரையில் சக்கரம் சறுக்கி அது தானே விடுபடும், தாரில் விடுபடாது, சக்கரத்துப் பக்கம் இருக்கும் பெவல் பெட்டிகள் (பல்சக்கரப் பெட்டிகள்) தேயும். அதனால் சாலையில் மட்டும் ஓட்டுபவர்களில் சிலர் முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டுகளைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கழற்றியதை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தினால் போதும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பொருத்தலாம். பெட்ரோல் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் அளவில்தான் கொடுக்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், உரிக்காத பழைய பெயின்ட்டோடு வந்த ஃபெரட்டுக்கு என் தேர்வு கலப்பு வழி: வெளியே மூன்றாவது, உள்ளே ஓட்டம். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், டயர் இவற்றைப் பாதுகாப்புக்குத் தேவையான அளவு புதிதாக்குங்கள். தேய்ந்து மாற்றிய பாகத்தில் சீட்டுக் கட்டிப் பெட்டியில் போட்டு வண்டியோடு வையுங்கள். உடலின் பெயின்ட்டைக் கழுவி, துருப்பிடித்த இடத்தை மட்டும் நிலைப்படுத்துங்கள். துருவில் ஓட்டையான சாமான் பெட்டிக்குப் புதுசு செய்து மாட்டலாம், பழையது பரணில் இருக்கட்டும். அட்டையும் படமும் கிடைத்து ஒரு காலகட்டம் உறுதியானால், பிற்காலத்தில் இரண்டாவது வழிக்குப் போகலாம். அப்போதும் பழைய அடுக்குகள் தெரியும் ஒரு ஜன்னலை மூடாமல் விட்டுவையுங்கள்.

போவிங்டனுக்கு எண்ணை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் காலத்தில் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. பெட்ரோல் டாங்கைக் கழுவுவது, வெடித்த ரப்பர் குழாய்களை மாற்றுவது, சக்கரச் சிலிண்டர்களைத் திறந்து பார்ப்பது என்று பெயின்ட்டைத் தொடாத வேலையே மாதக்கணக்கில் இருக்கிறது. பிரேக் லைனிங்கிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திறங்கள். இருட்டில் மினுங்குவதற்காக ரேடியம் பூசிய பழைய மீட்டர்கள் இருந்தால் அவற்றைத் திறக்கவே வேண்டாம். பிரேக் எண்ணெயை மட்டும் கையேட்டில் சொன்ன வகை எதுவென்று பார்த்து ஊற்றுங்கள், வகை மாறினால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போய்விடும்.